கோடைப் பாட்டுகள் பிறந்த கதை: மேடையில் சொல்ல எது நிஜம், எது கட்டுக்கதை?

மாம்பிஞ்சு (கிருஷ்ணகிரி)

எல்லாருக்கும் வணக்கங்க. மே மூணாவது வாரம், கத்திரி நடுவுல, கிருஷ்ணகிரியில ஒரு திறந்தவெளி மேடை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பம், மொத்தம் 50 நிமிஷம். தலைப்பு "கோடைப் பாட்டுகள்". ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி அது பிறந்த கதையை ஒன்றரை நிமிஷத்துல தொகுப்பாளர் சொல்லணும். குழுவுல ரெண்டு பாடகர், ஒரு பாடகி, கிட்டார், கீபோர்டு, புல்லாங்குழல், தபலா, டிரம்ஸ் பேடு.

இப்போதைக்கு பட்டியல் இது: அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினோட "சம்மர்டைம்", பீட்டில்ஸோட "ஹியர் கம்ஸ் த சன்", "சம்மர் இன் த சிட்டி", "இன் த சம்மர்டைம்", "சம்மர் ஆஃப் 69", தமிழ்ல "வசந்த கால நதிகளிலே", "வெயிலோடு விளையாடி".

மூணு விஷயம் தெரியணும். வாட்ஸ்அப்ல சுத்துற கதைகள்ல எதை நம்பலாம்? வாசிக்கும்போது எந்த இடத்துல கவிழும்? இதைவிடப் பழைய கோடைப் பாட்டு தமிழ்ல இருக்கா?

தகடூரான் (தருமபுரி)

"சம்மர்டைம்" பற்றி அதிகம் பரவியிருக்கும் கதை, கெர்ஷ்வின் கடற்கரை வெயிலில் உட்கார்ந்து அதை எழுதினார் என்பது. பாதிதான் சரி. அவர் தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் பக்கத்து ஃபாலி தீவில் தங்கினார், அங்கிருந்த கறுப்பின மக்களின் பாட்டைக் கேட்டார். ஆனால் அது 1934 கோடை. இந்தப் பாட்டின் மெட்டோ அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே முடிந்துவிட்டது. "போர்கி அண்ட் பெஸ்" ஆபராவுக்கு அவர் முதலில் போட்ட மெட்டுகளில் இதுவும் ஒன்று. வரிகள் டுபோஸ் ஹேவர்டு எழுதியவை. ஆபரா மேடையேறியது 1935இல். அடுத்த வருஷமே பில்லி ஹாலிடே பாடி ஒலித்தட்டு வந்தது. தனிப் பாட்டாக ஊரெல்லாம் பரவியது அதன் பிறகு.

தொகுப்பாளர் சொல்ல வேண்டிய கதை இதுவல்ல என்பேன். இது ஒரு தாலாட்டு. மீனவர் குடியிருப்பில் கிளாரா என்ற தாய் கைக்குழந்தைக்குப் பாடுகிறாள்: அப்பனிடம் பணம் இருக்கிறது, அம்மா அழகி, இருவரும் பக்கத்தில் நிற்கும்வரை உன்னை எதுவும் அண்டாது. பிறகு புயல் வருகிறது. அப்பன் கடலில் மாண்டுபோகிறான், அவனைத் தேடிப் போன கிளாராவும் திரும்பவில்லை. அதே குழந்தையை மடியில் போட்டு அதே பாட்டை பெஸ் பாடுகிறாள். இதைச் சொல்லிவிட்டு ஆரம்பித்தால் மெட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

மூல சுருதி பி மைனர். மெட்டு கிட்டத்தட்ட முழுக்க ச க2 ம1 ப நி2, அதாவது சுத்த தன்யாசியின் சுரங்கள். இரண்டாவது வரி முடியும் இடத்தில் மட்டும் சதுஸ்ருதி ரிஷபத்தில் (ரி2) போய் நிற்கும். நம் பாடகர்கள் தவறுவது சரியாக அங்கேதான். ராகம் பிடிபட்ட தைரியத்தில் ஷட்ஜத்துக்கு (ச) இறங்கிவிடுவார்கள், கீழே கீபோர்டு வேறு கார்டில் நிற்கும், இரண்டும் முட்டும். வேகமும் கவனம். தூளி ஆடும் வேகம் போதும்.

"சம்மர் ஆஃப் 69" பற்றிச் சுருக்கமாக: பிரையன் ஆடம்ஸ் பிறந்தது 1959 நவம்பரில். பாட்டில் வரும் கோடையில் அவருக்கு 9 வயது, ஆகவே "அவருடைய சொந்தக் கதை" என்று அறிவிக்க வேண்டாம். ஜிம் வாலன்ஸுடன் சேர்ந்து எழுதியபோது முதலில் வைத்த பெயர் "பெஸ்ட் டேஸ் ஆஃப் மை லைஃப்". தலைப்பிலுள்ள எண்ணுக்கு ஆடம்ஸ் பிற்பாடு சொன்ன விளக்கம் குடும்பக் கூட்டத்துக்கு ஆகாது. பெயர் மாறியதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏழாம் ஃப்ரெட் (ஓசூர்)

கிட்டார் பக்கத்துல இருந்து சொல்றேன்.

"ஹியர் கம்ஸ் த சன்": 1969 வசந்த காலம். பீட்டில்ஸ் கிட்டார்காரர் ஜார்ஜ் ஹாரிசன் ஆப்பிள் கம்பெனி மீட்டிங்குக்கு மட்டம் போட்டுட்டு எரிக் கிளாப்டன் வீட்டுத் தோட்டத்துல, கிளாப்டனோட கிட்டாரையே வாங்கி வாசிச்சு உருவாக்கினது. ஆப்பிள்னா பீட்டில்ஸே நடத்தின கம்பெனி, செல்போன் கம்பெனி இல்லன்னு தொகுப்பாளர் ஒரு வார்த்தை சொல்லணும், இல்லன்னா கூட்டம் குழம்பும். ஜூலை 7ஆம் தேதி பதிவு ஆரம்பிச்சப்போ குழுவுல இன்னொருத்தரான ஜான் லென்னன் கிடையாது. ஸ்காட்லாந்துல கார் விபத்து ஆகி ஆஸ்பத்திரியில இருந்தார்.

கேப்போ (கம்பிகளை மொத்தமா அழுத்திப் பிடிக்கிற கிளிப்) ஏழாவது ஃப்ரெட்ல. விரல் டி கார்டு வடிவத்துல இருக்கும், காதுக்கு ஏ மேஜர் கேக்கும். கேப்போ இல்லாம ஏ கார்டு பிடிச்சு வாசிச்சா அந்த மணி மாதிரி ஓசை வராது. நடுவுல "சன்"னு திரும்பத் திரும்ப வர்ற இடம்தான் கண்ணி. நாலு எண்ணிக்கை உடைஞ்சு 11/8, 4/4, 7/8னு மாறும். டிரம்ஸ் பேடுக்காரர் நாலுலயே போனா ரெண்டாவது சுத்துல தனியா நிப்பார். 11ஐ "தகிட தகிட தகிட தக"ன்னு வாயால சொல்லிப் பழகச் சொல்லுங்க. தபலாக்காரருக்கு இது சாதாரணம், அந்த இடத்தை அவர்கிட்டயே கொடுத்துடலாம். ஹாரிசன் சிதார் படிச்சவர். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்ததுன்னு யோசிக்கவே வேண்டாம்.

"சம்மர் இன் த சிட்டி" (1966, லவின் ஸ்பூன்ஃபுல்): அந்தக் குழுவோட பாடகர் ஜான் செபாஸ்டியனோட தம்பி மார்க் பள்ளிக்கூட வயசுல எழுதின வரிகள்தான் விதை. அதுல "ராத்திரி ஆனா அது வேற உலகம்"ங்கிற இடம் அண்ணனுக்குப் பிடிச்சது, மத்ததை மாத்தினாங்க, குழுவுல பேஸ் கிட்டார் வாசிச்ச ஸ்டீவ் பூனும் ஒரு துண்டு சேர்த்தார். பகல் வரிகள் மைனர்ல புழுங்கும், ராத்திரி வந்ததும் மேஜர் பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்துல வால்யூமைக் கொஞ்சம் இறக்குங்க, காத்து வந்த மாதிரி இருக்கும். நடுவுல கார் ஹாரனும் ரோடு உடைக்கிற டிரில் சத்தமும் உண்டு.

"இன் த சம்மர்டைம்" (1970, மங்கோ ஜெர்ரி): பாட்டு ரெண்டு நிமிஷம்தான் இருந்துச்சு. தயாரிப்பாளர் பாரி மர்ரி நடுவுல வண்டி எஞ்சின் சத்தத்தை ஒட்டி, அதே டேப்பை முதல்லருந்து திரும்ப ஓட்டி நீளமாக்கிட்டார். அதனால நீங்களும் ஒரு தடவை பாடி, நாலு செகண்ட் புல்லட் சத்தம் போட்டு, அப்படியே மறுபடி பாடினா போதும், புதுசா எதுவும் படிக்க வேண்டாம். அந்தக் குழுவுல அப்போ டிரம்ஸே கிடையாது, கால் மிதிதான் தாளம். பேடுக்காரருக்கு ஓய்வு கொடுங்க. குடிச்சுட்டு வண்டி எடுன்னு ஒரு வரி வரும். பிற்காலத்துல பிரிட்டன்ல குடிச்சுட்டு ஓட்டாதீங்கங்கிற விளம்பரத்துக்கே இந்தப் பாட்டைப் போட்டாங்க. சிறப்பு விருந்தினர் போலீஸ் அதிகாரின்னா அதையும் சேர்த்துச் சொல்லிடுங்க.

பொய்கைவண்டு (தருமபுரி)

உங்கள் மூன்றாவது கேள்விக்கு 7ஆம் நூற்றாண்டுப் பதில் ஒன்று இருக்கிறது:

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே

அப்பர் பாடியது, ஐந்தாம் திருமுறை. பாடலில் உள்ளது வேனிற்கால மாலை. பாடிய இடமாகப் பெரியபுராணம் காட்டுவது நீற்றறை, அதாவது சுண்ணாம்புக் காளவாய். சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பியதற்காகப் பல்லவ மன்னன் அதில் ஏழு நாள் அடைத்தான் என்கிறது. அந்த மன்னனை முதலாம் மகேந்திரவர்மன் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். சுண்ணாம்புக்கல் வேக 900 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும் என்பதை நினைத்துக்கொண்டு பாட்டைப் படியுங்கள்: வீணை, நிலா, தென்றல், இளவேனில், குளம். கடைசிச் சொல் நிழல்.

அறிவிப்பாளர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள் மூன்று. "நீற்றறை" என்பதைத் திருநீறு வைக்கும் அறை என்று விளக்குவார்கள். "வீங்கிள" என்று ஒரு சொல் கிடையாது, வீங்கு + இளவேனில், முதிர்ந்து வரும் இளவேனில். "வண்டறை"யில் உள்ள அறை வீட்டு அறை அல்ல. மூசு என்றால் மொய்க்கும், அறை என்றால் ஒலிக்கும், வண்டு மொய்த்து ஒலிக்கும் பொய்கை. பாடகி "வண்டு" என்ற இடத்தில் இம்மியளவு விட்டு "அறை பொய்கை" என்று சேர்த்தால் பொருள் தானாக விளங்கும். இது திருக்குறுந்தொகை என்ற பாவகை, இதற்கென்று தனிப் பண் (பழந்தமிழ் ராகம்) இல்லை. விருத்தமாகத் தாளமில்லாமல், சுருதிப்பெட்டி மட்டும் வைத்துப் பாடலாம். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இன்னொன்று. இளவேனில் என்பது சித்திரை, வைகாசி. உங்கள் நிகழ்ச்சி நடப்பதே அந்த நாட்களில்தான். கிருஷ்ணகிரிக் கூட்டம் துண்டால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, சூரியன் வருகிறது என்று மகிழும் ஆங்கிலப் பாட்டை முதலில் வைத்தால் சிரிப்பார்கள். மே மாதம் இங்கே பொழுது சாய ஆறரை தாண்டும். ஹாரிசனை இருட்டிய பிறகு வையுங்கள். அவர்கள் நீண்ட குளிருக்குப் பின் வெயிலைக் கூப்பிடுகிறார்கள், நாம் வெயிலில் நின்று நிழலைக் கூப்பிடுகிறோம். வெயிலோடு தோழமை கொண்டாடும் தமிழ்ப் பாட்டு என்று சட்டென நினைவுக்கு வருவது உங்கள் பட்டியலில் உள்ள நா. முத்துக்குமார் பாட்டுதான். ஜி.வி. பிரகாஷின் முதல் படம் அது. வெயில் என்று பெயர் வைத்த படம் 2006 டிசம்பர் பனியில் வெளியானது.

தகடூரான்

காளவாய்க் கதையோடு ஒட்டிச் சொல்ல இன்னொரு செய்தி. 1945 ஜூலையில், கலிஃபோர்னியா வெயில் தாங்காமல், குளிரை நினைத்தாவது ஆறலாம் என்று பாப் வெல்ஸும் மெல் டார்மேயும் எழுதியது "த கிறிஸ்துமஸ் சாங்". அதே மாதம், அதே வெயிலில், சாமி கானும் ஜூல் ஸ்டைனும் எழுதியது "லெட் இட் ஸ்னோ". இரண்டையும் பாட வேண்டாம். அப்பருக்கு முன்னால் இரண்டு வரியில் சொல்லுங்கள்.

மாம்பிஞ்சு

ரொம்ப நன்றிங்க. "வசந்த கால நதிகளிலே" பாட்டை ரெண்டு குரல்லயே முடிச்சுடலாமா? கடைசியா மழைப் பாட்டு ஒண்ணு வச்சு முடிக்கலாம்னு இருக்கோம், எது சரியா இருக்கும்? மாரியம்மன் தாலாட்டும் கோடைப் பாட்டுதானே, சேர்க்கலாமா?

பம்பைக்கட்டு (பாலக்கோடு)

ரெண்டு குரல்ல முடிச்சா கதையே செத்துப்போகுங்க. 1976ல வந்த "மூன்று முடிச்சு", கண்ணதாசன் வரி, எம்.எஸ். விஸ்வநாதன் இசை. அது அந்தாதி. ஒரு வரி எந்தச் சொல்லுல முடியுதோ அடுத்த வரி அதுலயே தொடங்கும். படகுல கமலுக்கு ஜெயச்சந்திரன், ஸ்ரீதேவிக்கு வாணி ஜெயராம். கமல் தண்ணியில விழுந்துடறார், காப்பாத்தாம உட்கார்ந்திருந்த ரஜினி துடுப்பு போட்டுக்கிட்டே கடைசி வரிகளை எடுக்கிறார், அங்க விஸ்வநாதனோட சொந்தக் குரல். அதனால ரெண்டாவது பாடகரை மேடை ஓரத்துல, வெளிச்சம் இல்லாத பக்கம் நிறுத்துங்க. அதுவரைக்கும் அவர் மைக் மூடியே இருக்கணும். அந்தாதியில ஒரு ஆபத்து: ஒருத்தர் சொல்லை மாத்திட்டா அடுத்தவருக்குப் பிடி கிடைக்காது. தாளை ஸ்டாண்டுல வச்சுக்கிட்டே பாடட்டும்.

தாலாட்டைச் சேர்க்கறதுன்னா யோசிச்சுச் செய்யுங்க. வெய்யக்காலத்துல அம்மை கண்ட வீட்டுல, ஆத்தா சூடு தணியணும்னு பாடினது அது. இந்தியாவுல பெரியம்மை 1975லயே ஒழிஞ்சுது, உலகத்துல ஒழிஞ்சுதுன்னு 1980ல அறிவிச்சாங்க, பாட்டு மட்டும் நின்னுடுச்சு. பம்பை, உடுக்கை, சிலம்பு முழுசாக் கட்டி அடிச்சா கூட்டத்துல யாருக்காவது அருள் வந்துடும், அப்புறம் 50 நிமிஷக் கணக்கு நிக்காது. உடுக்கை மட்டும் மெதுவா வச்சு எட்டு வரி பாடுங்க. "சம்மர்டைம்" முடிஞ்ச கையோட வைங்க, ரெண்டும் தாலாட்டுதான்.

மழைக்கு அமிர்தவர்ஷினி. எட்டயபுரம் பக்கம் வறட்சியைப் பார்த்து முத்துசாமி தீட்சிதர் "ஆனந்தாமிர்தகர்ஷிணி" பாடினார், மழை கொட்டித் தீர்த்துச்சுன்னு சொல்றது செவிவழிக் கதை, அப்படின்னே சொல்லுங்க. சினிமாவுல வேணும்னா "தூங்காத விழிகள் ரெண்டு". 1988 ஏப்ரல்ல வந்த படத்தோட பேர் "அக்னி நட்சத்திரம்", அதுக்குள்ள இளையராஜா வச்சது மழை ராகம். சுரம் ச க3 ம2 ப நி3. மத்தியமத்தைக் கொஞ்சம் இறக்கிட்டா கம்பீரநாட்டை ஆயிடும், மழைக்குப் பதிலா சாமி புறப்பாடு மல்லாரிதான் ஞாபகம் வரும்.

ஏழாம் ஃப்ரெட்

கடைசியா சுருதி. வெயில்ல கிட்டார் கம்பி விரிஞ்சு சுருதி இறங்கும். புல்லாங்குழல் ஏறும், ஒரு டிகிரிக்கு சுமார் 3 சென்ட், 100 சென்ட் சேர்ந்தா ஒரு அரைச்சுரம். மூச்சுக்காத்து உள்ள போறதால முழுசா அவ்வளவு ஏறாது, ஆனா காதுக்குத் தெரியும். தபலா தோலும் காஞ்சு ஏறும். ஆளுக்கொரு திசை. ஏசி கார்ல வச்சு சுருதி சேர்த்துட்டு மேடைக்கு ஓடாதீங்க. வாத்தியங்களை 20 நிமிஷம் முன்னாடியே மேடை நிழல்ல வச்சு, அங்கயே சேருங்க. கீபோர்டு சுருதியை 440 ஹெர்ட்ஸ்லருந்து 442க்கு ஏத்தி வச்சா குழல்காரர் வாழ்த்துவார்.

"சம்மர் இன் த சிட்டி"க்கு ஹாரன் சத்தம் தேடி டவுன்லோட் பண்ண வேண்டாம். மேடை பெங்களூர் ரோட்டுப் பக்கம்னா அது கேக்காமலே வரும்.