குடிக்கோவை: திட்டுகளுக்கிடையே பரவும் இனங்களுக்கான சொற்கள்

> மெட்டாபாப்புலேஷன் என்பதற்கு 'மீக்குடித்தொகை' போதும். மெட்டா வரும் இடமெல்லாம் 'மீ' போட்டு வருகிறோமே, இதற்கு மட்டும் ஏன் தனிச்சொல்?

நண்பர்களுக்கு வணக்கம். சூழலியலில் வரும் மெட்டாபாப்புலேஷன் (metapopulation) என்ற சொல்லுக்கும் அதைச் சார்ந்த சொற்களுக்கும் தமிழ்ப் பட்டியல் ஒன்று தயாரிக்கும் நம் மடலாடலில், மேலே உள்ள கேள்விக்கு என் மறுமொழி இது. குடித்தொகை என்பது ஓரிடத்தில் வாழும் ஓர் இனத்தின் கூட்டம் (population).

'மீத்தரவு' என்றால் தரவைப் பற்றிய தரவு. அங்கே 'மீ' பொருந்துகிறது. இங்கே குடித்தொகையைப் பற்றிய குடித்தொகை என்று எதுவும் இல்லை. மீப்பெரு பொது வகுத்தி படித்துவிட்டு வரும் மாணவர் காதில் 'மீக்குடித்தொகை' என்பது அளவு மீறிப் பெருகிவிட்ட கூட்டம் என்றுதான் விழும். கருத்தோ அதற்கு நேரெதிர். பெரும்பாலும் சிறிய, எப்போது வேண்டுமானாலும் அற்றுப்போகக்கூடிய கூட்டங்களைப் பற்றியது அது.

முதலில் பொருளைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வரலாம். ஓர் இனம் வாழத் தகுந்த இடம் ஒரே பரப்பாக இல்லாமல் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒவ்வொரு துண்டையும் 'திட்டு' என்போம். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். ஒரு திட்டில் இருக்கும் சிறு கூட்டம் ஒரு மோசமான பருவத்தில் அழிந்துபோகலாம். வேறொரு திட்டிலிருந்து சில உயிர்கள் வந்து அங்கே மறுபடி குடியேறலாம். தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் கூட்டமும் நிலையானதல்ல; ஆனால் எல்லாம் சேர்ந்து நீண்ட காலம் நிலைத்திருக்கும். இந்தச் சேர்க்கைக்குத்தான் பெயர் வேண்டும்.

சூழலியலாளர் ரிச்சர்ட் லெவின்ஸ் 1969இல் பூச்சிக் கட்டுப்பாட்டுக்காக எழுதிய கணித மாதிரியில் விலங்குகளின் எண்ணிக்கையே வராது. குடியுள்ள திட்டுகளின் பங்கு மட்டும்தான். அதை 'ப' என்போம்; குடியேற்ற வீதம் 'கு', ஒழிவு வீதம் 'ஒ'. அப்போது

ப மாறும் வீதம் = கு × ப × (1 − ப) − ஒ × ப

மாற்றம் நின்றுபோகும் நிலையில் ப = 1 − ஒ/கு. கு 0.5, ஒ 0.2 என்று வைத்துப் பாருங்கள். எப்போதும் 60 விழுக்காட்டுத் திட்டுகளில் குடி இருக்கும், 40 விழுக்காடு காலியாக இருக்கும். எவை காலி என்பது மட்டும் மாறிக்கொண்டே வரும். இப்போது திட்டுகளில் பாதியை அழித்துவிடுவோம். குடியுள்ளவையும் பாதியாகி, பழைய மொத்தத்தில் 30 விழுக்காட்டில் குடி இருக்கும் என்றுதானே தோன்றும்? கணக்கு சொல்வது வேறு: 1க்குப் பதிலாக மிஞ்சிய பங்கான 0.5 வரும்; ஒ/கு 0.4 மாறாது. 0.5 − 0.4, அதாவது பழைய மொத்தத்தில் வெறும் 10 விழுக்காடு. திட்டுகள் 40 விழுக்காடாகச் சுருங்கும்போது இனமே போய்விடுகிறது. நல்ல வாழிடம் 40 விழுக்காடு அப்படியே இருக்க, அதில் வாழ ஆள் இல்லை.

எனக்கு இந்தத் துறையிலேயே மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். இன்று காலியாகக் கிடக்கும் திட்டும் அந்த இனத்துக்கு வேண்டிய திட்டுதான். 'இங்கே ஒன்றும் இல்லையே' என்று பார்த்துவிட்டு அதை வேறு பயன்பாட்டுக்குக் கொடுத்துவிட்டால், குடியுள்ள திட்டுகளும் பின்னாலேயே போகும். அதனால் காலித் திட்டுக்கு 'வெறுந்திட்டு' என்ற முன்மொழிவை நான் ஏற்கவில்லை. வெறும் என்றால் பயனற்றது என்ற சாயல் வந்து ஒட்டிக்கொள்கிறது. 'குடியுள்ள திட்டு', 'குடியில்லாத் திட்டு' என்று நேராகவே சொல்லிவிடலாம்.

ஒரு திட்டில் மட்டும் கூட்டம் அற்றுப்போவதற்கு 'திட்டொழிவு'. வீடு ஒழிந்தது என்கிறோமே, குடியிருந்தவர் போய்விட்டார், வீடு இருக்கிறது என்றுதானே பொருள்? அதே பொருள்தான் இங்கும். 'அழிவு' என்ற சொல்லை இனம் முழுதாகப் போவதற்கு வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் மேலே சொன்ன கணக்கைத் தமிழில் விளக்கவே முடியாது.

> 'திட்டுக்குடித்தொகை' எளிது, பார்த்ததும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். சூசன் ஹாரிசன் 1991இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை பல வகைகளைப் பிரித்துக் காட்டுகிறது. திட்டுகள் இருந்தும், உயிர்கள் அவற்றுக்கிடையே தாராளமாகப் போய்வந்தால் அது உண்மையில் ஒரே குடித்தொகை. உணவு மட்டும்தான் திட்டுத் திட்டாக இருக்கிறது. 'திட்டுக்குடித்தொகை' என்பதை அதற்கே ஒதுக்கிவிடலாம், கச்சிதமாகப் பொருந்தும்.

இதே காரணத்தால்தான் மெட்டாபாப்புலேஷனுக்கு 'குடிப்பின்னல்' என்ற இன்னொரு முன்மொழிவிலும் எனக்குத் தயக்கம். பின்னலில் இழைகள் ஒன்றோடொன்று இறுகிவிடுகின்றன. நாம் பேசும் பொருளில் போக்குவரத்து அரிதாக இருக்க வேண்டும். அறவே இல்லாமலும் போகக் கூடாது. கோத்த மணிகள் அப்படித்தான்: தனித்தனி மணி, நடுவே மெல்லிய இழை. ஆகவே என் முன்மொழிவு 'குடிக்கோவை'. கோவை என்றால் ஒரே வரிசை என்று தோன்றாதா என்று கேட்கலாம். சொற்கோவை, பாடற்கோவை என்று சொல்லும்போது யாரும் நேர்கோட்டை நினைப்பதில்லை. தனித்தனியானவை சேர்ந்து நிற்பது என்றே கொள்கிறோம்.

சொல் உழைக்கிறதா என்று பார்க்க ஓர் உண்மையான ஆய்வை எழுதிப் பார்த்தேன். பின்லாந்தின் ஓலண்ட் தீவுகளில் ஏறத்தாழ 4,000 உலர்புல்வெளிகள் சிதறிக் கிடக்கின்றன. கிளான்வில் ஃபிரிட்டிலரி என்ற பட்டாம்பூச்சிக்கு ஒவ்வொன்றும் ஒரு திட்டு. இல்க்கா ஹான்ஸ்கியின் குழு 1990களின் தொடக்கத்திலிருந்து அங்கே கணக்கெடுத்தது. பறக்கும் பூச்சியை எண்ணுவது பெரும்பாடு; அதனால் கோடை முடியும்போது போவார்கள். கம்பளிப்புழுக்கள் கூட்டமாகச் சேர்ந்து, தாம் தின்னும் செடியின் மேல் வெண்ணிறப் பட்டிழையால் குளிர்காலக் கூடு கட்டியிருக்கும். தரையோடு தரையாகக் குனிந்து அந்தக் கூடுகளைத் தேடி எண்ணுவார்கள். எந்த ஆண்டிலும் சில நூறு திட்டுகளில்தான் குடி. போன ஆண்டு குடியிருந்த திட்டு இந்த ஆண்டு ஒழிந்திருக்கும். இன்னொன்றில் புதிதாகக் கூடு தெரியும். இதை நம் சொற்களில் எழுதினால்: 'குடிக்கோவையில் ஆண்டுதோறும் திட்டொழிவும் குடியேற்றமும் நடக்கின்றன.' வாக்கியம் தடையின்றி ஓடுகிறது.

ஹான்ஸ்கியின் மாதிரியில் எல்லாத் திட்டும் ஒன்றல்ல. சிறிய திட்டு எளிதில் ஒழியும். தொலைவில் இருப்பதில் குடியேற்றம் அரிது. பக்கத்தில் குடியுள்ள பெரிய திட்டுகள் எத்தனை, எவ்வளவு தூரம் என்பதை வைத்துக் கணக்கிடுவதற்கு 'இணைவுநிலை' என்ற சொல் போதும். ஒரு நிலப்பரப்பு ஓர் இனத்தைத் தாங்கிவைக்குமா என்று சொல்லும் அளவை அவரும் ஓட்சோ ஓவாஸ்கைனனும் 2000இல் தந்தார்கள். அதற்குக் 'குடிக்கோவைக் கொள்திறன்'.

பட்டியலில் உள்ள 'மீட்பு விளைவு' (rescue effect) பற்றி மட்டும் ஒரு திருத்தம். கூட்டம் ஒழிவதற்கு முன்பே வெளியிலிருந்து சிலர் வந்து சேர்ந்து அதை நிலைக்கச் செய்வதைத்தான் இது குறிக்கிறது. மீட்பு என்றால் போனதைத் திரும்பப் பெறுவது என்றாகி, மீள்குடியேற்றத்தோடு குழம்பும். 'தாங்கல் விளைவு' என்று வைக்கலாமா?

அப்புறம், வாழிடம் சுருங்கிய பின்னும் சில காலம் இனம் உயிரோடிருக்கும், ஆனால் போவது உறுதியாகிவிட்டது என்ற நிலைக்கு 'அழிவுக்கடன்' என்று முன்மடலில் எழுதியிருந்த நண்பருக்கு என் முழு ஆதரவு. அதை அப்படியே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். 'கோவை'க்கு மறுப்பு இருப்பவர்கள், மேலே உள்ள ஓலண்ட் வாக்கியத்தைத் தங்கள் சொல்லில் எழுதிக் காட்டினால் ஒப்பிட வசதியாக இருக்கும்.