2147483647 முதன்மை எண் இல்லையாம், என் புரோகிராம் சொல்லுது

களுவாஞ்சிக்குடி_பொடியன்:
உயர்தரம் எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்கிறேன், அதனால் சி மொழி பழகுகிறேன். ஒரு எண் முதன்மை எண்ணா என்று பார்க்கும் புரோகிராம் எழுதினேன். 97, 7919, 104729 எல்லாம் சரியாக வருகிறது. 2 இன் 31 ஆம் வலுவில் 1 ஐக் கழித்து 2147483647 ஐக் கொடுத்தால் மட்டும் லெப்டொப் விசிறி கத்து கத்தென்று கத்தி, கொஞ்ச நேரம் கழித்து "முதன்மை எண் இல்லை" என்கிறது. கணிதமேதை ஒய்லர் 1772 இலேயே இது முதன்மை எண் என்று நிறுவிவிட்டாராம். 'ஐ' ஐ 2 இலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டி, ஐ × ஐ அந்த எண்ணைத் தாண்டும்வரை வகுத்துப் பார்க்கிறேன். எங்கே பிழை?

கல்முனை_நானா:
தம்பி, எந்த எண்ணால் மீதியில்லாமல் வகுபட்டது என்பதையும் பிரின்ட் பண்ணிப் பாருங்க. 2147483647 என்றே வரும், பந்தயம். சி மொழியில் முழு எண்களை வைக்கிற சாதாரண 'இன்ட்' வகையில் கொள்ளக்கூடிய ஆகப்பெரிய எண்ணே அதுதான். 'ஐ' 46340 ஆகும்வரை பிரச்சினையில்லை, 46341 ஐ வர்க்கித்தால் 2147488281, அது இடம் கொள்ளாமல் மைனஸ் எண்ணாகிவிடும். அப்போ ஐ × ஐ ஒருநாளும் அந்த எண்ணைத் தாண்டாது, லூப் போய்க்கொண்டே இருந்து கடைசியில் எண்ணை அதே எண்ணால் வகுத்து, ஆகா காரணி கிடைத்தது என்று நிற்கும். இன்னும் பெரிய எண் கொள்ளும் 'லோங் லோங்' வகையைப் போடுங்க, சரிவரும்.

மட்டக்களப்பு_கணித_ரீச்சர்:
நானா சொன்னது சரி. ஆனால் மகன், ஒய்லர் 46340 எண்ணாலும் வகுக்கவில்லை, அதுவும் பார்வை ஏறக்குறையப் போயிருந்த காலம். வலுவான 31 முதன்மை எண் என்பதால் 2147483647 க்குக் காரணி இருந்தால் அதை 62 ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும், 8 ஆல் வகுத்தால் 1 அல்லது 7 வரவேண்டும். இரண்டையும் சேர்த்தால் 248 ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63. 46340 க்குள் அப்படியானவை 1 ஐ விட்டால் 373 தான், அதிலும் 63 போல முதன்மை அல்லாதவற்றைத் தள்ளலாம். வலுவாக 11 ஐ எடுத்துப் பாருங்கள்: 2 இன் 11 ஆம் வலு கழி 1, அதாவது 2047 = 23 × 89. இரண்டையும் 22 ஆல் வகுக்க மீதி 1. வலு முதன்மை எண்ணாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் இதுதான் உதாரணம், பிள்ளைகள் வழக்கமாகக் கோட்டைவிடும் இடம்.

களுவாஞ்சிக்குடி_பொடியன்:
நானா, அச்சொட்டாக அதே எண்தான் வந்தது! மாற்றினேன், கண் மூடித் திறக்கமுன் "முதன்மை எண்" என்றுவிட்டது. நன்றி ரீச்சர். இதே முறையில் இப்போதைய ஆகப்பெரிய முதன்மை எண்ணையும் பார்க்கலாமா?

கல்முனை_நானா:
கனவிலும் முடியாது. 2024 இல் கண்டுபிடித்தது 2 இன் 136279841 ஆம் வலு கழி 1, மொத்தம் 41024320 இலக்கம். பக்கத்துக்கு 3000 இலக்கம் போட்டாலும் 13,600 பக்கத்துக்கு மேலே, போட்டோக்கொப்பிக் கடைக்காரர் விரட்டுவார். இதற்கு லூக்கா–லேமர் சோதனை: 4 இல் தொடங்கி, வர்க்கித்து 2 ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதி எடுத்துக்கொண்டே போகவேண்டும், வலுவை விட 2 குறைந்த தடவை. 2 இன் 5 ஆம் வலு கழி 1 ஆன 31 க்குச் செய்து பாருங்க, 4, 14, 8, 0. கடைசியில் 0 வந்தால் முதன்மை எண். 2 இன் 7 ஆம் வலு கழி 1 ஆன 127 க்கு நீங்களே பேனையால் போடுங்க தம்பி, ஐந்து தடவைதான்.

களுவாஞ்சிக்குடி_பொடியன்:
4, 14, 67, 42, 111, 0. வந்துட்டு!