வெளிநாட்டில் பட்டு வந்த நாமே வடக்கத்தியானை விரட்டலாமா?

கோட்டூரான்:
சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவன் நான். போன வாரம் நீடாமங்கலம் பக்கம் ஒரு டீக்கடை. நடவுக்கு வந்திருந்த மேற்கு வங்கத்துப் பையன்களுக்கு மட்டும் பேப்பர் கப், மற்ற எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ். பெஞ்சில் உட்காரப் போன ஒருவனைக் கடைக்காரர் கையைக் காட்டி எழுப்பிவிட்டார். அவன் சேறு காயாத காலோடு வாய்க்கால் மதகில் போய் உட்கார்ந்து குடித்தான். பெஞ்சில் இருந்தவர்களில் இரண்டு பேர் வளைகுடாவில் சம்பாதித்து வீடு கட்டியவர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை.

அங்கே நமக்கு என்ன நடந்தது? லாரியின் பின்பக்கம் சாமான்களோடு சாமானாக ஏற்றிக்கொண்டு போனார்கள். ரயிலில் நம் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். 2008இல் செராங்கூன் கார்டன்ஸ் குடியிருப்புக்காரர்கள் தங்கள் பகுதியில் தொழிலாளர் விடுதியே கூடாது என்று மனுப் போட்டார்கள். நம் ஆட்கள் அவர்கள் தெருவழியே போகாதபடி தனிப் பாதை போட்ட பிறகுதான் விடுதி வந்தது. 2020இல் கொரோனா வந்தபோது ஊரெல்லாம் திறந்த பிறகும் விடுதியில் இருந்தவர்களுக்கு வேலைத்தளத்தைத் தாண்டிப் போக எளிதில் அனுமதி கிடைக்கவில்லை. இத்தனையும் பட்டுவிட்டு வந்து இங்கே நாம் அதையே செய்தால் எப்படி?

வெண்ணாற்றங்கரை:
அண்ணே, பேப்பர் கப் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். இரட்டைக் குவளையைப் பார்த்த மண் இது, மறுபடி வேண்டாம். ஆனால் இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். நீங்கள் போனது அந்த ஊர்க்காரன் செய்ய வராத வேலைக்கு. இங்கே என் அம்மா நாற்று நட்டுத்தான் எங்களைப் படிக்க வைத்தார். இப்போது ஏஜெண்ட் ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி ஆட்களை இறக்குகிறார். தெருவில் இருக்கிற பெண்களை யாரும் கூப்பிடுவதில்லை. கூடக் கூலி கேட்டால் 'இஷ்டமிருந்தால் வா' என்று பதில்.

வெளியூர் ஆளை இறக்கிக் கூலியை உடைப்பது நமக்குப் புதுசா? 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்களே, அதற்கு முந்திய கூலிப் போராட்டத்திலும் இதே தகராறுதான்.

குறுவைக்காரர்:
தம்பி, விவசாயி பக்கமும் கேளுங்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நடவு. குறுவை நாற்று 25 நாளைத் தாண்டினால் தூர் கட்டாது. உள்ளூரில் ஆள் தேடி அலைந்து நாற்று முற்றியதுதான் மிச்சம். அந்தப் பையன்கள் வந்த அன்றே இறங்கிக் கயிறு பிடித்து நட்டுக் கொடுத்தார்கள். மோட்டார் கொட்டகையில் படுத்துக்கொண்டார்கள்.

டெல்டா காவலன்:
யார் எவர் என்றே தெரியாது. நாளைக்குத் திருட்டு நடந்தால் யார் பொறுப்பு? ஊருக்குள் விடவே கூடாது.

கோட்டூரான்:
காவலன், இப்படிப் பேசிப் பேசித்தான் வதந்தி பிறக்கிறது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, பீகார் அரசுக் குழுவே இங்கே வந்து விசாரித்தது. அந்த நாட்களில் பயந்து ஊருக்குக் கிளம்பியவன் எவனும் திருடன் இல்லை. பேரும் ஊரும் தெரிய வேண்டுமென்றால் ஏஜெண்டைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரைத் தம்பிக்கு: உங்கள் அம்மாவின் கோபம் நியாயமானது. ஆனால் கூலியை உடைப்பவன் சேற்றில் நிற்பவன் இல்லை, இறக்குகிற ஏஜெண்டும் பேரம் பேசுகிற நிலக்காரரும். வெளி மாநிலத் தொழிலாளிக்கு உள்ளூர்க்காரன் வாங்குகிற அதே கூலி தர வேண்டும் என்று 1979 சட்டமே சொன்னது. ஒரே கூலி என்றால் அவனை வைத்து உங்களை மிரட்ட முடியாது.

வெண்ணாற்றங்கரை:
சட்டம் சரி. வயலில் வந்து யார் பார்க்கிறார்கள்? ஏஜெண்ட் பிடித்தம் போக அவன் கைக்கு என்ன போகிறது என்று அவனுக்கே தெரியாது.

கோட்டூரான்:
எங்களுக்கும் அதே கதைதான். ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் தீர்வதற்குள் பெர்மிட் முடிந்துவிடும் என்கிற பயத்திலேயே வாயை மூடிக்கொண்டிருந்தோம். அவனும் அப்படித்தான் இருப்பான். உங்கள் சங்கம் நடவுக்கூலி பேசும்போது அவர்களில் இரண்டு பேரைக் கூட்டி வாருங்கள். துபாயில் இருந்து வந்த என் மச்சான் இந்தி நன்றாகப் பேசுவான், நான் அழைத்து வருகிறேன்.

குறுவைக்காரர்:
ஒரே கூலி என்றால் எனக்குச் சம்மதம், ஆள் நேரத்துக்கு வந்தால் போதும். ஆனால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நெல்லைத் திருப்பிவிட்டால் அந்தக் கூலியை எங்கிருந்து கொடுப்பேன்? அதற்கும் சங்கம் வர வேண்டும்.

வெண்ணாற்றங்கரை:
வருவோம் ஐயா. அண்ணே, சங்கத்தில் பேசிப் பார்க்கிறேன். மச்சானை அழைத்து வாருங்கள். ஆனால் எல்லா நிலக்காரரும் இந்த ஐயாவைப் போல ஒப்புக்கொள்ளும் வரை, ஏஜெண்ட் வண்டி வந்தால் எங்கள் தெருப் பெண்கள் மறிக்கத்தான் செய்வார்கள். அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.