ஊஞ்சலுக்கு எந்த எனாமல்? ஈயத் தடை இருந்தும் தீராத சந்தேகம்

மாடித்தோட்டம்:
குடியிருப்புச் சங்கத்தின் விளையாட்டுத் திடலில் இருபது வருடப் பழைய ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கின்றன. மஞ்சள், ஆரஞ்சு பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. சுரண்டிவிட்டுப் புதிதாக எனாமல் அடிக்க வேண்டும். பெயின்ட்டில் ஈயத்துக்குத்தான் தடை வந்துவிட்டதே, இனி எந்த டப்பா வாங்கினாலும் சரிதானா? பழையதை எப்படி எடுப்பது?

பட்டறைக்காரன்:
எந்த டப்பாவும் சரி என்று இருந்துவிடாதீர்கள். 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதி, ஈயத்தின் அளவு 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்கிறது. அதாவது கிலோவுக்கு 90 மில்லிகிராம். ஆனால் அது வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுக்கு மட்டும். தொழிற்சாலைப் பெயின்ட்டுக்கு இந்த விதி பொருந்தாது. கடையில் இரண்டும் ஒரே அலமாரியில் நிற்கும், இரும்பு வேலைக்கு என்று கேட்டால் இரண்டாவதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஈயம் 90 பிபிஎம்முக்கு மிகாது என்ற வரி, தயாரிப்பாளர் முகவரி, தயாரித்த மாதம் மூன்றும் இருக்க வேண்டும். 'இண்டஸ்ட்ரியல்' என்று போட்டிருந்தால் குழந்தை கை வைக்கிற எதற்கும் வேண்டாம். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பில்தான் கூடுதல் கவனம் தேவை. அந்த நிறங்களுக்கு மலிவான நிறமி லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மம்.

பிரைமரிலும் ஒரு குழப்பம் உண்டு. ரெட் ஆக்சைடு என்பது இரும்பு ஆக்சைடு, செங்கல் நிறம். ரெட் லெட் என்பது ஈயமேதான், ஆரஞ்சு கலந்த சிவப்பு. பெயரை வாசித்து வாங்குங்கள்.

நீலக்கதவு:
பழையதை எடுப்பதில்தான் பெரிய ஆபத்து. காய்ந்த உப்புத்தாளும் கிரைண்டரும் தொடவே கூடாது, ஈயம் மாவுபோலப் பறந்து மண்ணில் படியும். பர்னர் வைத்துச் சுட்டால் புகையாக நுரையீரலுக்குள் போகும்.

கீழே கனமான பாலித்தீன் விரித்து, விளிம்பை டேப்பால் ஒட்டுங்கள். தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டி, வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேயுங்கள். அடிக்கடி தடுக்குவது இங்கேதான்: வெயிலில் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும், ஆள் அப்படியே தேய்த்துக்கொண்டே போவார். ஸ்பிரேயர் பிடிக்க இன்னொருவரை நிறுத்துங்கள். வேலை செய்பவருக்கு நுண்தூசைப் பிடிக்கும் பி-100 வடிகட்டி போட்ட அரைமுக மாஸ்க் கொடுங்கள். மூக்கில் கட்டும் துண்டு எதையும் தடுக்காது. வேலை முடியும்வரை குழந்தைகள் திடல் பக்கமே வரக் கூடாது. செதிலைப் பாலித்தீனோடு சுருட்டிக் கட்டுங்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு துவைத்தால் அந்தத் தூசு தொழிலாளியின் குழந்தைக்குப் போய்ச் சேரும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைக் குழந்தை பெரியவரைவிட 4-5 மடங்கு அதிகமாக உறிஞ்சும்.

மாடித்தோட்டம்:
நன்றி. தொழிற்சாலைப் பெயின்ட்டுக்கும் தடை போட்டால் என்ன? ஈயம் இல்லாவிட்டால் தரம் குறையும் என்கிறார்களே?

பட்டறைக்காரன்:
போட்டே ஆக வேண்டும். தரம் குறையும் என்ற வாதம் நிற்காது. பெயின்ட் காய்வதற்காகச் சேர்க்கும் ஈய உலர்த்தியை எடுத்துவிட்டு, இன்னொரு உலர்த்தியான கோபால்ட்டை மட்டும் கூட்டினால் மேல் தோல் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே பிசுபிசுக்கும். குற்றம் கலவையில்தான். சிர்கோனியமும் கால்சியமும் சேர்த்தால் அடிவரை காயும். மஞ்சளுக்குப் பிஸ்மத் வனடேட் இருக்கிறது, நன்றாக மூடும். விலை அதிகம் என்பது உண்மை. எல்லோரும் ஒரே விதியில் நின்றால்தான் அந்தச் செலவைச் செய்பவர் மலிவு டப்பாவிடம் தோற்க மாட்டார்.

தொழிற்சாலைகள் சட்டம் 1948-இன் மூன்றாம் அட்டவணையில் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் முதல் வரியே ஈய நஞ்சாகத்தான் இருந்தது. கலக்குகிறவரும் அடிக்கிறவரும் அந்த நஞ்சுக்கு நடுவில்தான் நாள் முழுக்க நிற்கிறார்கள்.

நீலக்கதவு:
லேபிளில் அந்த வரி இல்லாத வீட்டுப் பெயின்ட் கிடைத்தால் பில், பேட்ச் எண், நான்கு பக்கப் படம் மூன்றையும் வைத்து மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். 1915 நுகர்வோர் எண்ணிலும் பதியுங்கள். டப்பாவைக் கழுவிவிடாதீர்கள், சோதிக்க மீதிப் பெயின்ட் வேண்டும்.