சந்து முனையில நின்ன ஆம்புலன்ஸ்: மும்பை தாராவி, சயான், ஆன்டாப் ஹில் ஆட்கள் உங்க கொரோனா கால அனுபவத்தைச் சொல்லுங்க

தொண்ணூறடி ரோட்டுக்காரன்:

பழைய போன்ல இடம் காலி பண்ணும்போது ஒரு போட்டோ கண்ணுல பட்டுச்சு. நீலக்கலர் பிளாஸ்டிக் நாற்காலி, அதோட கைப்பிடியில சுங்குடிச் சேலை முடிச்சு. அதான் எழுதுறேன்.

2020 மே மாசம் முதல் வாரம். தாராவியில முதல் கொரோனா கேஸ் ஏப்ரல் 1-ல வந்தது. ஒரு மாசத்துல எங்க கல்லிக்குள்ளயே (சந்துக்குள்ளயே) வந்துருச்சு. மேல் வீட்டு ஆச்சிக்கு மூணு நாளாக் காய்ச்சல். மருமக கசாயம் வச்சுக் கொடுத்துட்டு வெளிய மூச்சு விடல. சொன்னா கல்லியையே தகரம் வச்சு அடைச்சிருவாங்கன்னு பயம். ஊர்க் கொடைக்குப் போன மகன் திருநெல்வேலியில மாட்டிக்கிட்டான்.

ராத்திரி பதினோரு மணிக்கு ஆச்சிக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. 108 போட்டேன். மராத்தியில ஒரு பொண்ணு லேண்ட்மார்க் கேட்டுச்சு. எங்க கல்லிக்கு ஏது லேண்ட்மார்க்? பொதுக் கக்கூஸ், அதைத் தாண்டி இட்லிக்கார அண்ணாச்சி வீடு, அப்புறம் இடதுகைப் பக்கம் ஒரு இரும்பு ஏணி. கடைசியில காமராஜர் ஸ்கூல்னு சொல்லி ரோட்டுலயே போய் நின்னுக்கிட்டேன்.

வண்டி வந்துச்சு. ஆனா கல்லி வாசல்ல ஸ்ட்ரெச்சர் நுழையாது. எதிர்ல ஆள் வந்தா நாம ஒருக்களிச்சு நிக்கணும், அவ்வளவுதான் அகலம். திறந்து வச்ச சன்னல் வழியா அத்தனை கண்ணும் பார்க்குது, யாரும் இறங்கி வரல. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். எனக்கே கால் நடுங்குச்சு. கீழே தோல் பட்டறையில படுத்திருந்த உ.பி. பையன்தான், “சலோ பாய்”னு எழுந்து வந்தான். நாற்காலியில ஆச்சியை உக்கார வச்சு, அவ சேலையாலயே நெஞ்சோட சேர்த்துக் கட்டி, ஏணியில ஒவ்வொரு படியா இறக்கினோம். கல்லி முனை வந்து சேர இருபது நிமிஷம் ஆச்சு. டாக்டர் ரோட்டுலயே விரல்ல கருவி மாட்டி ஆக்சிஜன் அளவு பார்த்தார், 84. உடனே ஆக்சிஜன் போட்டு சயான் ஆஸ்பத்திரி.

ஆச்சி பன்னெண்டாம் நாள் திரும்பி வந்துட்டா. நானும் பட்டறைப் பையனும் ராஜீவ் காந்தி ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸ்ல பதினாலு நாள் கிடந்தோம்.

உங்க கதையைச் சொல்லுங்க.

ஆன்டாப் ஹில் மாமா:

உங்க ஆச்சி கொடுத்து வச்சவங்க தம்பி. 2021 ஏப்ரல்ல என் மச்சினனுக்கு ஒரு தனியார் வண்டிக்காரன் நாலு கிலோமீட்டருக்கு 8,000 கேட்டான். கொடுத்தோம். போன ஆஸ்பத்திரியில பெட் இல்லை. அங்கிருந்து இன்னொண்ணுக்குப் போக மறுபடி காசு. அதுக்கு மேல எழுத முடியல.

தொண்ணூறடி ரோட்டுக்காரன்:

மாமா... மன்னிச்சிருங்க.

வண்டிக்காரன் (சயான் கோலிவாடா):

நான் அப்போ 108 வண்டி ஓட்டினவன், அண்ணே. எங்க பக்கத்தையும் கொஞ்சம் சொல்றேன்.

மகாராஷ்டிராவுல 2014-ல இந்தச் சேவை ஆரம்பிச்சப்போ மொத்தம் 937 வண்டி. ஒவ்வொண்ணுலயும் ஒரு டாக்டர் இருப்பார், டிரைவரும் டாக்டரும் மட்டும்தான். அதனால ஆளைத் தூக்க மூணாவது கை வேணும்னா வீட்டு ஆளுங்கதான் வரணும். கொரோனாவுல அந்த மூணாவது கைதான் கிடைக்கல. மே மாச வெயில்ல அந்த கொரோனா பாதுகாப்பு உடுப்பைப் போட்டுக்கிட்டு ஏணி ஏறினா, இறங்கறதுக்குள்ள கண்ணாடியில ஆவி படிஞ்சு படியே தெரியாது. ஒரு ஆளை இறக்கிட்டு வண்டி முழுக்க மருந்தடிச்சுத் துடைக்காம அடுத்த கேஸுக்குப் போக முடியாது. ஜனங்களுக்கு அது தெரியாது, வண்டி சும்மா நிக்குதுன்னு கத்துவாங்க.

பைக் ஆம்புலன்ஸ் எங்கன்னு கேப்பாங்க. மும்பையில 2017 ஆகஸ்ட்ல 10 பைக் விட்டாங்க, டாக்டரே ஓட்டிட்டு வருவார். கல்லிக்குள்ள நுழைஞ்சிரும், ஆக்சிஜனும் கொடுக்கலாம். ஆனா படுக்க வச்சுக் கொண்டு போக இடம் கிடையாதே. கடைசியில நாற்காலிதான்.

ஒண்ணே ஒண்ணு சொல்றேன், இன்னிக்கும் பொருந்தும். போன் போட்டவரு போனை வச்சுட்டு வீட்டுக்குள்ள போயிராதீங்க. ரோட்டு முனையில ஒரு ஆளை நிறுத்துங்க. இந்த அண்ணன் பண்ணினாரே, அதுலயே பத்து நிமிஷம் மிச்சம்.

செல்வி அக்கா:

தம்பிகளா, நான் பாலிகாவோட (மாநகராட்சியோட) ஆரோக்கிய சேவிகா, வீடு வீடாப் போற சுகாதாரப் பணியாளர். காய்ச்சல் கேம்ப்ல இருந்து தடுப்பூசி வரைக்கும் இதே கல்லிகள்லதான் அலைஞ்சேன். 2020 ஜூலையில உலக சுகாதார நிறுவனத் தலைவர் தாராவி பேரைச் சொல்லிப் பாராட்டினார்னு டிவியில ஓடினப்போ, நான் ஒரு பொதுக் கக்கூஸ் வாசல்ல நின்னு ஒவ்வொருத்தர் நெத்தியிலயும் சூடு பார்த்துக்கிட்டிருந்தேன். சிரிப்பு வந்துச்சு.

ஊசிக் கதைதான் பெருசு. 2021 ஜனவரி 16-ல எங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஆரம்பிச்சாங்க, மார்ச் 1-ல அறுபது தாண்டினவங்களுக்கு. வெளிய இருக்கிற சென்டருக்கு நம்ம கிழவிங்க யாரும் கிளம்பல. மார்ச் 22-ல தாராவிக்குள்ள இருக்கிற சோட்டா சயான் ஆஸ்பத்திரியிலயே போட ஆரம்பிச்ச பிறகுதான் நாலு பேர் வந்தாங்க. அதுக்குள்ள ஏப்ரல் 17. நடிகர் விவேக் 15-ஆம் தேதி ஊசி போட்டுக்கிட்டவர், ரெண்டே நாள்ல போயிட்டார். மாரடைப்பு, ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு டாக்டருங்க அன்னிக்கே சொன்னாங்க, அக்டோபர்ல மத்தியக் குழுவும் அதையே சொல்லுச்சு. ஆனா அன்னிக்கு எங்க கல்லியில எவ கேட்டா? மராத்திக்கார வீட்டுல, குஜராத்தி வீட்டுல இந்தப் பேச்சே கிடையாது. தமிழ் வீட்டுலதான் கதவை மூடினாங்க. “மரம் நட்ட மனுசனையே கொன்னுட்டு என்னைக் கூப்பிட வந்தியா”ன்னு ஒரு பாட்டி விளக்குமாத்தைத் தூக்கினா. மேடையில மைக் வச்சுப் பேசினா ஒண்ணும் ஆகல. நான் முதல் டோஸ் போட்ட கையைச் சேலையை விலக்கிக் காட்டி, அவ வீட்டு வாசல்லயே உக்காந்து காப்பி குடிச்சு, நாலு நாள் போனேன். அஞ்சாம் நாள் வந்தா.

இன்னொரு கூத்து. கோவிஷீல்டு குப்பியில பத்து டோஸ். திறந்தா நாலு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், இல்லைன்னா வீண். எட்டுப் பேர் பெஞ்சுல உக்காந்திருப்பாங்க, நர்ஸ் திறக்க யோசிப்பாங்க. நான் மீதி ரெண்டு பேரைத் தேடி ஓடுவேன். ஓடி வர்றதுக்குள்ள எட்டுல மூணு பேர் பயத்துல நழுவியிருப்பாங்க. அதே நேரம் மத்த ஏரியாவுல ஸ்லாட் கிடைக்காம கார்ல வந்து இறங்கினவங்களும் உண்டு. ஏப்ரல் 30-ல இருந்து மூணு நாள் மருந்தே இல்லாம மும்பையில சென்டர் மூடினதும் உண்டு.

நிஜமாவே கூட்டம் வந்தது எப்போ தெரியுமா? ஆகஸ்ட் 15-ல இருந்து ரெண்டு டோஸ் போட்டு 14 நாள் ஆனாத்தான் லோக்கல் ட்ரெயின்னு அறிவிச்சாங்களே, அப்போ. நாலு நாள் காப்பி குடிச்சு நான் செஞ்சதை ரயில் பாஸ் ஒரே நாள்ல செஞ்சிருச்சு. வருத்தம்தான், ஆனா உண்மை.

பட்டறை ராஜா:

அக்கா, அந்த ரயில் பாஸுக்கு வந்தவங்கள்ல நானும் ஒருத்தன். பயம் போகல, வேலை போயிரும்னு போட்டேன். நைட்டு காய்ச்சல் வந்ததும் அவ்வளவுதான்னு பொண்டாட்டி கிட்ட பாஸ்புக் எங்கன்னு சொல்லிட்டேன். காலையில எழுந்து வேலைக்குப் போனேன். அவ இன்னிக்கு வரைக்கும் கிண்டல் பண்றா.

செம்பூர் அனு:

எங்க அப்பாவுக்கு ஆதார்ல இனிஷியல் முன்னாடி, ஊசி சர்டிபிகேட்ல தாத்தா பேர் சர்நேமா வந்துருச்சு. ஸ்டேஷன் கவுன்டர்ல “யே ஆப் ஹி ஹோ?” (இது நீங்கதானா?)ன்னு கேட்டாங்க. தாத்தா செத்து முப்பது வருஷம் ஆச்சு, ரெண்டு டோஸ் போட்டிருக்கார்.

வண்டிக்காரன் (சயான் கோலிவாடா):

😂 அண்ணே, அந்த உ.பி. பையன் இப்ப எங்க?

தொண்ணூறடி ரோட்டுக்காரன்:

குவாரன்டீன் முடிஞ்ச மறுவாரமே ஷ்ரமிக் ரயில் (வெளியூர்த் தொழிலாளிங்களை ஊருக்கு அனுப்ப விட்ட ரயில்) ஏறிட்டான், கோரக்பூர் பக்கம் ஏதோ கிராமம். அவன் நம்பரை இப்ப அடிச்சா வேற யாரோ எடுக்கிறாங்க. ஆச்சி மாசம் ஒருதரமாவது விசாரிப்பா. அவன் பேரு அவ வாயில நுழையாது, “நாற்காலிக்காரப் பய”ன்னுதான் சொல்லுவா.