சகேயு நாலத்தனை கொடுத்தார், நம்ம ஊர் புளி மண்டிக்காரர் என்ன கொடுத்தார்?

புளியந்தோப்பு:
போன ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு ஜெபக் கூட்டம். புளி வியாபாரம் செய்கிற ஒருவர் சாட்சி சொன்னார். குடியை விட்டாராம், சீட்டாட்டத்தை விட்டாராம், மூன்று வருடமாகப் புது மனிதராம். நல்ல விஷயம், நானும் அல்லேலூயா சொன்னேன். அப்புறம் ஒன்று சொன்னார் பாருங்கள். "பழைய கணக்கையெல்லாம் ஆண்டவர் சிலுவையிலே தீர்த்துவிட்டார், இன்றைக்கு நான் யாருக்கும் எதுவும் பாக்கியில்லை." கூட்டம் கை தட்டியது. எனக்கு வயிறு எரிந்தது.

ஏன் என்று சொல்கிறேன். பென்னாகரம் பக்கம் எங்கள் வரப்போரம் புளிய மரங்கள் நிற்கின்றன. மாசி பங்குனியில் உலுக்கிக் கொண்டுவந்து, அம்மாவும் சித்தியும் வாசலில் உட்கார்ந்து ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பார்கள். விரல் நுனியெல்லாம் வெடித்து, புளி பட்டு எரியும், ராத்திரி சாப்பிடும்போது கையால் சோறு பிசைய முடியாது. வருடத்துக்குப் பன்னிரண்டு மூட்டை தேறும், எல்லாம் இவர் கடைக்குத்தான் போகும். ஒரு வருடம் பட்டுப்புழு வளர்க்கிற பக்கத்து வீட்டுக்காரரின் எலக்ட்ரானிக் தராசில் ஒரு மூட்டையை வைத்துப் பார்த்தோம், 63 கிலோ. இவர் கடையில் அதே மூட்டை 60. அதிலும் சாக்குக்கு 2 கிலோ கழிவு என்று 58-க்குத்தான் காசு. வெறும் சாக்கு ஒரு கிலோ கூட வராது. அப்பா அந்த 20 கிலோ கல்லைப் புரட்டிப் பார்த்தார், அடிக்குழி முழுக்க ஈயம் ஊற்றி வழித்திருந்தது. வாங்குகிறதற்கு அந்தக் கல், விற்கிறதற்கு வேறு கல். உபாகமம் 25:13-ல் பெரிதும் சிறிதுமான நிறைகற்களைப் பையில் வைத்திருக்க வேண்டாம் என்று எழுதியிருப்பது இதைத்தான்.

லூக்கா 19:8-ஐ எடுத்து வாசியுங்கள். வரி வசூலிக்கிற ஆயக்காரருக்குத் தலைவனான சகேயு மனம் மாறின அன்றைக்கே பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலத்தனை, அதாவது நான்கு மடங்கு. இங்கே நாலத்தனை எங்கே?

கிருபை_போதும்:
பிரதர், ஒரு ஆத்துமா மூன்று வருடமாகக் குடிக்காமல் இருக்கிறது, பரலோகம் சந்தோஷப்படுகிறது, நீங்கள் சாக்குக் கழிவைக் கணக்குப் பார்க்கிறீர்கள். 2 கொரிந்தியர் 5:17, "பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின." கொலோசெயர் 2:14, நமக்கு விரோதமான கையெழுத்தை, அதாவது கடன் சீட்டை, சிலுவையின்மேல் ஆணியடித்தார். அவர் பிழையாக என்ன சொன்னார்? இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கின கள்ளன் யாருக்கு நாலத்தனை கொடுத்தான்? "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றுதானே ஆண்டவர் சொன்னார்.

புளியந்தோப்பு:
அந்தக் கள்ளன் சிலுவையில் கிடந்தான் பிரதர், இறங்கிப் போய்க் கொடுக்க வழியில்லை, சாயங்காலத்துக்குள் செத்தும் போனான். இவர் சாகவில்லை. கடை திறந்திருக்கிறது, மாடி கட்டியிருக்கிறார், புதிதாக டெம்போ வாங்கியிருக்கிறார். ஆணியடிக்கப்பட்டது தேவனுக்கும் இவருக்கும் நடுவே இருந்த கையெழுத்து. எங்கள் அம்மாவின் விரலில் எழுதின கணக்கை யார் எடுத்து ஆணியடித்தது? நாலத்தனை வேண்டாம், ஒரு அத்தனையாவது கொடுத்தாரா?

கோவிலூர்_பங்கு:
கத்தோலிக்கத் திருச்சபையில் இந்தக் குழப்பமே கிடையாது. குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தால் பாவம் மன்னிக்கப்படும், ஆனால் திருடினதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமை அப்படியே இருக்கும். மறைக்கல்வி ஏடு 1459-ஆம் எண்ணிலேயே திருடின பொருளைத் திருப்பிக் கொடுப்பது உதாரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மனம் மாறினவர் என்றால் அது கையில் தெரிய வேண்டும். அப்புறம் ஒன்று, அவர் பெயர் சக்கேயு. சகேயு அல்ல.

கிருபை_போதும்:
வந்துவிட்டார்கள். அறையில் போய் ரகசியமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து மறுபடி அதையே செய்கிறவர்களை எனக்கும் தெரியும். எபேசியர் 2:8, கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள். கொடுத்தால்தான் இரட்சிப்பு என்றால் அது வியாபாரம்.

கோவிலூர்_பங்கு:
கொடுத்தால்தான் மீட்பு என்று நான் எங்கே எழுதினேன்? எடுத்துக் காட்டுங்கள். எபேசியர் 2:8-ஐ எழுதினவருக்கு 4:28 கண்ணில் படவில்லையா, திருடுகிறவன் இனித் திருடாமல் தன் கையால் உழைக்கட்டும் என்று? தருமபுரி மறைமாவட்டம் 1997-ல்தான் வந்தது, ஆனால் எங்கள் ஊரில் விசுவாசம் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்னால் வந்தது. நேற்று வந்து கொட்டகை போட்டவர்கள் எங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

மத்தூர்_டீச்சர்:
தம்பிகளா, ஒரு நிமிடம். மனந்திரும்புதல் என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் பேசலாமா? புது ஏற்பாட்டில் அந்தச் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல் மெட்டநோயா, மனசே வேறு திசையில் திரும்புவது. 1517-ல் புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு வழி திறந்த லூத்தர் எழுதின 95 வாசகங்களில் முதல் வாசகமே விசுவாசியின் வாழ்க்கை முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். மேடையில் ஒரு நாள் சாட்சி சொல்வதோடு முடிகிற காரியம் இல்லை.

இருபது வருடமாக ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். குடியை விட்டவர் வீட்டில் மனைவியிடம் குரல் உயர்த்தாமல் பேசுகிறாரா? ராயக்கோட்டை சந்தைக்குப் போகிற தக்காளிப் பெட்டியில் மேலே நல்லதும் கீழே அடிபட்டதும் வைக்கிறாரா? மாங்காயைக் கார்பைடு போட்டுப் பழுக்க வைக்கிறாரா? பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது, ஒரே சபை, ஒரே அப்பம், ஒரே பாத்திரம் என்று இருந்துவிட்டு, சாதி பார்க்கிறாரா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் புளியந்தோப்பு, கிருபை, கோவிலூர் மூன்று பேருமே பதில் சொல்லுங்கள், கேட்கிறேன்.

புளியந்தோப்பு:
டீச்சர், உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் பேச்சு மாறுகிறது. நான் கேட்டது நாலத்தனை. தக்காளி, மாங்காய் எல்லாம் தனியாகப் பேசலாம்.

மொழியும்_மறையும்:
எல்லாரும் தப்பான இடத்தில் நிற்கிறீர்கள். நான் இறையியல் படித்தவன், கிரேக்கத்தில் வாசித்திருக்கிறேன். லூக்கா 19:8-ல் வருகிற திதோமி, அப்போதிதோமி இரண்டு வினைச்சொல்லும் நிகழ்காலம். "கொடுப்பேன்" அல்ல, "கொடுக்கிறேன்". அதாவது சகேயு ஏற்கெனவே அப்படிக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர் என்று எடுத்துக்கொள்கிற அறிஞர்கள் உண்டு. ஊரார் முறுமுறுத்தார்கள், அவர் தன் வழக்கத்தைச் சொல்லித் தன்னை நியாயப்படுத்தினார். அந்த வசனத்தை வைத்து மனம் மாறினவன் நாலத்தனை கட்ட வேண்டும் என்று சட்டம் போட முடியாது.

புளியந்தோப்பு:
ஐயா, "நாளைக்குத் தருமபுரி போகிறேன்" என்று நான் சொன்னால் தினமும் தருமபுரி போகிறவன் என்று அர்த்தமா? தமிழில் கூட நிகழ்காலத்தில் சொல்லி நாளைக்குச் செய்கிறோம். தினமும் நாலத்தனை திருப்பிக் கொடுக்கிற ஆளாக இருந்தால் தினமும் அநியாயமாய் வாங்குகிற ஆளாகவும் இருக்க வேண்டும், அது என்ன பிழைப்பு? பத்தாம் வசனத்தையும் பாருங்கள், "இழந்துபோனதைத் தேடவும் இரட்சிக்கவுமே" வந்தேன் என்கிறார் ஆண்டவர். ஏற்கெனவே நீதிமானாக இருந்தவரை எதற்குத் தேட வேண்டும்?

மொழியும்_மறையும்:
தமிழ் இலக்கணத்தை வைத்துக் கிரேக்கத்தை அளக்காதீர்கள். படித்துவிட்டு வந்து பேசுங்கள்.

புளியந்தோப்பு:
எங்கள் அப்பா ஐந்தாம் வகுப்பு. ஈயம் ஊற்றின கல்லைக் கையில் தூக்கினவுடனே அவருக்குத் தெரிந்தது. அதற்குக் கிரேக்கம் தேவைப்படவில்லை.

கோவிலூர்_பங்கு:
1995-ல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் "நான்கு மடங்காக" என்று தெளிவாக இருக்கிறது. நாலத்தனை என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியுமா? அதிலும் சக்கேயு என்றுதான் இருக்கிறது, இரண்டாவது முறையாகச் சொல்கிறேன்.

கிருபை_போதும்:
நீங்கள் சகேயு, சக்கேயு என்று பிடித்துக்கொண்டு இருங்கள். நான் வரிசையைக் கேட்கிறேன். ஐந்தாம் வசனம், "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்." இயேசு முதலில் காட்டத்தி மரத்தடியில் நின்று அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். எட்டாம் வசனம் அப்புறம்தான். கூப்பிடும்போது கணக்குக் கேட்டாரா? ரசீது கேட்டாரா? கிருபை முந்தி, கொடுத்தது பிந்தி. கொடுத்தது கூட அவனாகக் கொடுத்தது, யாரும் மண்டியில் வந்து நின்று கத்தவில்லை.

புளியந்தோப்பு:
வரிசையைக் கேட்டால் முழுதாகக் கேளுங்கள். ஐந்து, எட்டு, அப்புறம் ஒன்பது. "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று ஆண்டவர் சொன்னது ஒன்பதாம் வசனத்தில். சகேயு நாலத்தனை என்று வாயைத் திறந்த பிறகு. கூப்பிட்டது கிருபைதான், யார் இல்லை என்றது? அந்தக் கிருபை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் முதலில் தொட்டது பணப்பெட்டியை. எரிகோவில் ஆயக்காரருக்குத் தலைவனாக இருந்தவனிடம் ஆண்டவர் சத்தமில்லாமல் சாப்பிட உட்கார்ந்தார், அவனுக்கே பொறுக்கவில்லை, எழுந்து நின்று சொல்கிறான். எசேக்கியேல் 36:26, கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டுச் சதையான இருதயம் கொடுப்பேன் என்கிறார். சதை என்றால் குத்தினால் வலிக்க வேண்டும். மூன்று வருடமாக இவருக்கு ஒரு நாளாவது எங்கள் பன்னிரண்டு மூட்டை நினைவுக்கு வந்து வலித்ததா? அதைத்தான் கேட்கிறேன்.

மோசேயின் நியாயப்பிரமாணத்தில் கூட, தானாக வந்து ஒத்துக்கொண்டால் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும், லேவியராகமம் 6:5. ஆட்டைத் திருடிக் கொன்றவனுக்குத்தான் யாத்திராகமம் 22:1-ல் நாலு ஆடு. சகேயு குறைந்ததைத் தேடவில்லை, கூடினதைத் தேடி எடுத்தான். மனம் மாறினவன் அப்படித்தான் கணக்குப் போடுவான்.

கிருபை_போதும்:
சரி, இப்போது விளங்குகிறது. மூட்டைக்கு நாலு கிலோ, பன்னிரண்டு மூட்டைக்கு ஐம்பது கிலோ பக்கம், நாலத்தனை என்றால் இருநூறு கிலோ புளி. உங்களுக்கு அவர் ஆத்துமா குறியில்லை பிரதர், இருநூறு கிலோதான் குறி. போன வருடம், வருமானத்தில் பத்தில் ஒன்றைச் சபைக்குக் கொடுக்கிற தசமபாகம் பற்றின விவாதத்திலும் இப்படித்தான், எங்கள் சபைக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

புளியந்தோப்பு:
இழுத்துவிட்டீர்கள், பேசுகிறேன். தசமபாகத்துக்கு மட்டும் மல்கியா 3:10 இன்றைக்கும் செல்லும், பத்து சதவீதம் துல்லியமாகக் கணக்கு. விவசாயிக்குத் திருப்பிக் கொடுக்கிறதற்கு மட்டும் எல்லாம் சிலுவையில் தீர்ந்தது. அந்த மண்டிக்காரர் உங்கள் சபைக்குத் தசமபாகம் கொடுக்கிறாரா இல்லையா? அதில் எங்கள் புளியும் இருக்கிறது.

கிருபை_போதும்:
சபையைத் தொடாதீர்கள். எச்சரிக்கிறேன்.

மொழியும்_மறையும்:
தசமபாகம் புதிய ஏற்பாட்டில் கட்டளையாக இல்லை என்று அப்போதே எழுதினேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை. நிகழ்கால வினை பற்றியும் இன்னும் சரியான பதில் வரவில்லை.

மத்தூர்_டீச்சர்:
நான் கேட்ட சாதிக் கேள்விக்கும் பதில் வரவில்லை. மூன்று பேரும் தாண்டிப் போய்விட்டீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வட்டிக்கு விடுகிற மூப்பர்களைப் பற்றியும் கேட்கலாம் என்று இருந்தேன், விடுங்கள்.

புளியந்தோப்புத் தம்பி, உன்னிடம் ஒன்று. மத்தேயு 18:15, உன் சகோதரன் உனக்கு விரோதமாய்க் குற்றம் செய்தால் அவனும் நீயும் தனித்திருக்கையில் போய்ச் சொல் என்கிறது. போய்ச் சொன்னாயா? பொதுவில் வந்து பதினைந்து முறை நாலத்தனை என்று எழுதுகிறாயே, ஒரு முறை அவர் கடை வாசலுக்குப் போனாயா?

கிருபை_போதும்:
அப்படிக் கேளுங்கள் சிஸ்டர். இதற்குப் பதில் வராது.

கோவிலூர்_பங்கு:
மத்தேயு 5:23 எதிர்ப்பக்கம் பேசுகிறது டீச்சர். காணிக்கை செலுத்த வரும்போது உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு நீ போ என்கிறது. போக வேண்டியவர் ஏமாற்றினவர். ஏமாந்தவர் எதற்கு நடக்க வேண்டும்?

கிருபை_போதும்:
பிலேமோனுக்கு எழுதின நிருபத்தில் பவுல் என்ன சொல்கிறார்? பிலேமோனின் அடிமையாக இருந்து மனம் மாறின ஒநேசிமு அவருக்குக் கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார். மனம் மாறினவன் கடனை இன்னொருவர் சுமக்கிறார். அதுதான் சுவிசேஷம்.

புளியந்தோப்பு:
பவுல் "நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன்" என்று கையெழுத்துப் போட்டு எழுதினார், அடுத்த வசனத்திலேயே. கடன் இல்லை என்று எழுதவில்லை. உங்கள் சபையில் யாராவது அப்படிக் கையெழுத்துப் போடுவார்களா?

டீச்சர் கேட்டதற்கு வருகிறேன். நான் போகவில்லை. அப்பா போனார். மண்டிக்காரர் ஞானஸ்நானம் எடுத்தார் என்று கேள்விப்பட்டவுடன், யாரும் சொல்லாமலே, வேட்டி மாற்றிக்கொண்டு பஸ் ஏறிப் போனார். சண்டை போடப் போகவில்லை, மனம் மாறின ஆளிடம் பேசலாம், கேட்பார் என்று நம்பித்தான் போனார். கடைக்காரர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார், டீ வாங்கிக் கொடுத்தார். அப்பா கல்லைப் பற்றிச் சொன்னார். அவர் எழுந்து வந்து அப்பா தலையில் கை வைத்து, "இந்தச் சகோதரனுடைய கசப்பை எடுத்துப்போடும் ஆண்டவரே" என்று ஜெபம் செய்து அனுப்பிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா களியும் கீரையும் வைத்தாள், கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தவர் பாதியில் எழுந்துவிட்டார். இன்றைக்கு அவர் இல்லை.

கிருபை_போதும்:
உங்கள் அப்பாவுக்காக வருத்தப்படுகிறேன் பிரதர், உண்மையாகவே. ஆனால் ஜெபம் செய்ததைக் குற்றமாகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஒருவருடைய உள்ளத்தை நீங்கள் தராசில் போட முடியாது.

புளியந்தோப்பு:
உள்ளத்தை நான் போடவில்லை. அவர்தான் எங்கள் புளியைப் போட்டார். நேற்று வேலையாகக் காவேரிப்பட்டணம் போனபோது அந்தக் கடையைத் தாண்டி வந்தேன். இப்போது உள்ளே எலக்ட்ரானிக் தராசு வைத்திருக்கிறார், மேலே வசனம் எழுதின காலண்டர். அந்த 20 கிலோ கல் வாசலில் கிடக்கிறது, காற்றுக்குக் கதவு சாத்தாமல் இருக்க அண்டை கொடுத்திருக்கிறார்கள். ஈயத்தை இன்னும் எடுக்கவில்லை.