மொறிஸ் மைனருக்கு மட்டக்களப்பில் நல்ல கராஜ் எப்படித் தேடுவது?

கல்லடிக்காரன்:
அப்பா விட்டுப்போன 1961 மொறிஸ் மைனர், 948 சிசி, இன்னும் நன்றாக ஓடுகிறது. போன மாதம் ஒரு கராஜில் புதுப் பற்றரி போடக் கொடுத்தேன். இந்தக் கார் பொசிட்டிவ் எர்த், அதாவது பற்றரியின் பொசிட்டிவ்தான் காரின் பொடிக்கு, இரும்பு உடலுக்குப் போகும். அது தெரியாமல் இப்போதைய கார்களுக்குப் போடுவது மாதிரியே மாற்றிப் போட்டதில், அப்பா ஆசையாகப் பூட்டிய ரேடியோ கருகிப்போனது. ஹைபிரிட் வேலையெல்லாம் செய்கிற இடம்தான், ஆனால் மைனர் வேறு. இனிப் பெரிய சேர்விஸ் இருக்கிறது. எதைப் பார்த்து ஆளை நம்புவது?

கல்முனை மைனர்:
தம்பி, போனதும் ஒரு கேள்வி கேளுங்கள். "இதுக்கு பிரேக் ஒயில் எங்க ஊத்துறது?" பொனட்டைத் திறந்து தேடினால் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். மைனரில் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. கார்ப்பெட்டை விலக்கி, சின்ன மூடியைக் கழற்றித்தான் ஊற்ற வேண்டும். மறுகா, அங்குல ஸ்பனர் செட் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். மில்லிமீற்றர் ஸ்பனரால் நெருக்கினால் நட்டின் மூலை மழுங்கிவிடும், பிறகு கழற்றுவது பெரும்பாடு.

வாவிக்கரை:
மேலே சொன்னது சரி. ஆனால் எனக்குப் பயம் முன்சில்லின் கீழ் ட்ரனியன்தான், அதாவது சில்லைத் தாங்கித் திரும்ப விடும் மரை போட்ட மூட்டு. அதன் மரை தேய்ந்தால் சில்லு மடிந்துவிடும். ஊறணியில் எனக்கு மடிந்தது, மெதுவாக வந்தபடியால் தப்பினேன். இப்போது ஆயிரம் மைலுக்கு ஒருக்கா கிரீஸ் அடிக்கிறேன், அதுவும் ஜக் வைத்துச் சில்லைத் தூக்கி, பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி வரும்வரை பக்கத்தில் நின்று பார்ப்பேன். நிற்க விடாத கராஜ் வேண்டாம். உங்களுக்குக் கல்லடிக் கடல்காற்று வேறு, இந்தக் காருக்குத் தனிச் சேசி இல்லை, பொடிதான் பாரம் தாங்குகிறது. துருவை வெட்டி வெல்டிங் செய்கிறவரா, பெயின்ட் பூசி மூடுகிறவரா என்று விசாரியுங்கள்.

கல்லடிக்காரன்:
இருவருக்கும் நன்றி. நேற்று ஆரையம்பதியில் வயதான பாஸ் ஒருவரிடம் போனேன். நான் கேள்வியைக் கேட்டு முடிக்க முன்னமே கதவைத் திறந்து குனிந்து கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டார். இப்போதைக்குக் கிரீஸ் வேலை மட்டும் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் மிச்சம்.